மகளுக்கு வீசிங் வந்ததற்கு முதல் வருடத்தில் நான் செய்ததுதான் காரணமா? அடுத்த குழந்தைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: மழலைக்குரல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 4 வயது. மூன்றாம் மாதத்தில் இரண்டு கன்னமும் சிவந்து கரப்பான் தொடங்கியது. அப்புறம் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று பரவியது. தூக்கத்திலேயே சொறிந்துகொள்வாள், காலையில் போர்வையைப் பார்த்தால் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கும். ஒரு வயது தாண்டி முதல் முறை முட்டை கொடுத்த அன்று உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது, அன்றிலிருந்து முட்டை கிடையாது. ஒன்றரை வயதில் முதல் வீசிங். இப்போது சளி பிடித்தாலே இரண்டாம் நாள் இரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். போன மாதம் நடு ராத்திரியில் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இப்போது எனக்கு ஆறாவது மாதம். இரண்டாவது குழந்தை.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சிசேரியனில் பிறந்ததால்தான் என்கிறார் ஒருவர். பொத்திப் பொத்தி வளர்த்தாய், மண்ணில் கால் படவிடவில்லை, அதனால்தான் என்கிறார் இன்னொருவர். முதல் ஆறு மாதத்துக்குள் காதுவலி, சளி என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தோம், அதைச் சொல்கிறவர்களும் உண்டு. தாய்ப்பால் நாலு மாதம்தான் கொடுக்க முடிந்தது. கணவர் புகைபிடிப்பார், ஆனால் பால்கனியில் மட்டும்தான். முட்டை, வேர்க்கடலை எல்லாம் தள்ளிக் கொடுத்தால் நல்லது என்று சொன்னதைக் கேட்டுத் தள்ளித்தான் கொடுத்தோம்.

இவற்றில் எது உண்மையிலேயே காரணம்? எதை நான் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும்? வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இப்போதே ஏதாவது செய்ய முடியுமா? ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். ராத்திரி அவள் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும்போது இந்தப் பட்டியல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில் 1: இரவுப்பணி

சகோதரி, நான் குழந்தைகள் வார்டில் பல வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். உங்கள் பட்டியலுக்கு வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலா நடுவில் தோல் குழிந்ததைப் பார்த்ததும் கிளம்பினீர்கள் பாருங்கள், அது மிகச் சரியான முடிவு. நிறைய பேர் விசில் சத்தத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். உண்மையில் சத்தத்தைவிட அந்தக் குழிவுதான் முக்கியம். மூச்சுக்குழாய் ரொம்பவும் சுருங்கிவிட்டால் காற்றே சரியாகப் போகாமல் சத்தம் குறைந்துபோகும், அதைப் பார்த்து சரியாகிவிட்டது என்று நினைத்து விடிகிற வரை காத்திருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, மந்தமாகக் கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது.

அடுத்தது, சின்ன வயதில் வீசிங் வந்த எல்லாக் குழந்தையும் ஆஸ்துமா குழந்தை ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவில் டூசான் நகரில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த 1,200க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் ஏறக்குறைய 10க்கு 6 பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. அவர்களில் பலருக்குப் பிறந்தபோதே மூச்சுக்குழாய் கொஞ்சம் குறுகலாக இருந்தது, வளர வளரச் சரியாகிவிட்டது. ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். கரப்பானும் உணவு அலர்ஜியும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு வீசிங் தொடர்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். முதலில் தோல், பிறகு உணவு, பிறகு மூச்சு, கொஞ்சம் பெரியவளானதும் மூக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதை மருத்துவர்கள் ஓர் அணிவகுப்பு போலப் பார்க்கிறார்கள். எல்லாக் குழந்தையும் அந்த வரிசைப்படி போவதில்லை, பாதியில் நின்றுவிடுகிறவர்களும் நிறைய.

சளி பிடித்த இரண்டாம் நாள் தொடங்குகிறது என்றீர்களே, அது இந்த வயதில் வழக்கமாகப் பார்ப்பதுதான். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ்தான் பெரும்பாலும் தூண்டிவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பெற்றோருக்கு அலர்ஜியோ ஆஸ்துமாவோ உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, முதல் மூன்று வருடத்தில் இந்த வைரஸால் வீசிங் வந்தவர்களுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு பத்து மடங்கு அளவுக்கு அதிகமாக இருந்தது. வைரஸ் மூச்சுக்குழாயைக் கெடுக்கிறதா, இல்லை ஏற்கெனவே எளிதில் பாதிக்கப்படும் மூச்சுக்குழாயை அது வெளியே காட்டிக்கொடுக்கிறதா என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பட்டியலில் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அது பால்கனிப் புகை. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2: நுண்ணோக்கி

நுண்ணுயிரியல் படித்தவன். சிசேரியன், ஆன்டிபயாடிக், சுத்தம் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958இல் பிறந்த 17,414 பேரின் தகவலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார்: மூத்த அண்ணன் அக்கா அதிகம் உள்ளவர்களுக்கு மகரந்தக் காய்ச்சல் (மகரந்தத்தால் வரும் தும்மல், மூக்கொழுகல் அலர்ஜி) குறைவு. மூத்தவர்களிடமிருந்து சின்ன வயதிலேயே தொற்றுகள் வருவதால் இருக்கலாம் என்றார். சுத்தம்தான் அலர்ஜிக்குக் காரணம் என்று வீட்டுக்கு வீடு பேசுவது இந்த இடத்திலிருந்து கிளம்பியதுதான். அப்புறம் ஜெர்மனி ஒன்றானதும் எரிகா வான் மூட்டியஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் மேற்கே மியூனிக் குழந்தைகளையும் கிழக்கே லைப்சிக், ஹாலே குழந்தைகளையும் ஒப்பிட்டார். கிழக்கில் தொழிற்சாலைப் புகை அதிகம், அங்கேதான் அலர்ஜி அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, மகரந்தக் காய்ச்சலும் ஆஸ்துமாவும் மேற்கில்தான் அதிகமாக இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 2016இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், மரபணு ஏறக்குறைய ஒன்று, சாப்பாடு, பெரிய குடும்பம், தாய்ப்பால் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் வீட்டில் மாட்டுத்தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும், குழந்தைகள் அதற்குள் ஓடி விளையாடும். ஹட்டரைட்டுகள் இயந்திரங்களை வைத்துப் பெரிய கூட்டுப்பண்ணை நடத்துகிறவர்கள், குழந்தைகள் தொழுவத்திலிருந்து தள்ளியே வளர்கிறார்கள். பள்ளி வயதில் ஆஸ்துமா ஆமிஷ்களிடம் 5.2 சதவீதம், ஹட்டரைட்டுகளிடம் 21.3 சதவீதம். வீட்டுத் தூசியை எடுத்துச் சோதித்தால் ஆமிஷ் தூசியில் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை வராமல் தடுத்தது. ஹட்டரைட் தூசி அப்படித் தடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் அழுக்காக வளர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அங்கே வேலை செய்தது அழுக்கு இல்லை. பிறப்பதற்கு முன்பிருந்தே, அம்மா தொழுவத்தில் வேலை செய்யும்போதிலிருந்தே, விதவிதமான, பெரும்பாலும் தீங்கில்லாத நுண்ணுயிரிகளோடு நாள்தோறும் இருந்த பழக்கம். பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதைப் பகையாகப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தில் பெரும்பகுதி குடலில் நடக்கிறது. குடலில் குடியேறும் நுண்ணுயிரிக் கூட்டம் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று வயதாகும். கனடாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னால் ஆஸ்துமா வரும் ஆபத்து அதிகம் என்று கணித்த குழந்தைகளின் மலத்தில் மூன்று மாத வயதில் குறிப்பிட்ட நான்கு வகை பாக்டீரியா குறைவாக இருந்தது. ஒரு வயதுக்குள் அந்த வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. முதல் நூறு நாள் என்பது எவ்வளவு சின்ன ஜன்னல் என்று பாருங்கள்.

சிசேரியன் குழந்தைக்கு முதலில் கிடைப்பது தோலிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் நுண்ணுயிரிகள், சுகப்பிரசவக் குழந்தைக்கு அம்மாவின் குடல் வழி நுண்ணுயிரிகளும் கிடைக்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுகிறது. 20 சதவீதம் என்றதும் பயந்துவிட வேண்டாம். 100 குழந்தைகளில் 10 பேருக்கு வரும் இடத்தில் 12 பேருக்கு வருகிறது என்று அர்த்தம். அந்த இரண்டிலும் சிசேரியன் செய்ய வேண்டி வந்த காரணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மருத்துவ அவசியத்துக்காகச் செய்த அறுவையை நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

ஆன்டிபயாடிக் கொஞ்சம் சிக்கல். சின்ன வயதில் அதிகம் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வரப்போகும் ஆஸ்துமாவின் முதல் அறிகுறியே அடிக்கடி நெஞ்சுச் சளிதான், அதற்குத்தான் அந்த மருந்தும் கொடுக்கப்பட்டிருக்கும். எது முந்தியது? இருந்தாலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000 முதல் 2014 வரை கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது குறைந்துகொண்டே வந்தது, அதே காலத்தில் 1 முதல் 4 வயதில் புதிதாக ஆஸ்துமா வருவதும் 26 சதவீதம் குறைந்தது. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அது ஒரு வலுவான துப்பு. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். பாக்டீரியாத் தொற்று என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

பதில் 3: மண்வாசம்

இவ்வளவு எதற்கு? மண்ணில் விடுங்கள், நாய் பூனையோடு விளையாட விடுங்கள், தடுப்பூசி மருந்து எல்லாம் குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை.

பதில் 4: நுண்ணோக்கி

மண்வாசம் அவர்களே, மண்ணில் விளையாடுவதற்கு நான் எதிரி இல்லை, தாராளமாக விளையாடட்டும். ஸ்வீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள், முதல் வருடத்தில் நாய் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சுமார் 13 சதவீதம் குறைவு. ஆனால் அது வராமல் இருப்பதைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட நான்கு வயதுக் குழந்தையின் வீட்டில் மருந்து போல ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டால், அதன் முடியே அடுத்த வீசிங்கைத் தூண்டலாம். தடுப்பூசி பற்றிச் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியாது. தடுப்பூசிகளால் ஆஸ்துமா வருகிறதா என்று நிறையவே தேடிப் பார்த்துவிட்டார்கள், அப்படி எதுவும் இல்லை. மாறாக, ஃப்ளூவும் கக்குவான் இருமலும் வீசிங் உள்ள குழந்தையைப் படுத்தும் பாடு இரவுப்பணி அவர்களுக்குத் தெரியும். கை கழுவுவதையும் விட வேண்டாம். தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்து எந்தக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியும் பாடம் கற்கத் தேவையில்லை.

உங்களுக்கு எதுவும் வராதது நல்ல விஷயம். அதே மண்ணில் விளையாடி வீசிங் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பதில் 5: மூன்று பிள்ளைகள்

உணவைத் தள்ளிக் கொடுத்தது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்தேன். தவறு என்று சொல்வதுகூடச் சரியில்லை. அப்போது மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல், அலர்ஜி ஆபத்துள்ள குழந்தைக்கு முட்டையை இரண்டு வயது வரை, கடலையை மூன்று வயது வரை கொடுக்காதீர்கள் என்று எழுதியது. 2008இல் அதற்கு ஆதாரம் இல்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஆனால் வாய்வழியாகப் பரவிய அறிவுரையை யார் திரும்பப் பெறுவது? அது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதே 2008இல் லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழுவினர் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் கடலை அலர்ஜி 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம். வம்சம் ஒன்றுதான். ஆனால் இஸ்ரேலில் ஒரு வயதுக்கு முன்பே கடலை கலந்த மெத்தென்ற தின்பண்டத்தைக் குழந்தை சப்பத் தொடங்கிவிடும், பிரிட்டனில் அந்த வயதில் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். இதைச் சரிபார்க்க 4 முதல் 11 மாதம் வரையுள்ள 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள், எல்லோருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இரண்டுமோ உண்டு. பாதிப் பேர் கடலையை வாரம் தவறாமல் சாப்பிட்டார்கள், மீதிப் பேர் ஐந்து வயது வரை தொடவே இல்லை. 2015இல் முடிவு வந்தது: தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். அந்த எண்களைப் படித்த அன்று என் மூத்தவனை நினைத்து உட்கார்ந்து அழுதேன்.

ஏன் இப்படி என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஓர் உணவு முதலில் வாய் வழியாகக் குடலுக்குப் போனால், உடம்பு அதை உணவு என்று ஏற்றுக்கொள்ளப் பழகும். அதே உணவின் துகள் வெடித்த தோல் வழியாக முதலில் நுழைந்தால், எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்ட கையோடு குழந்தையைத் தூக்குகிறோம், கன்னத்தைத் தடவுகிறோம். கரப்பானால் வெடித்த கன்னம் அது. இங்கிலாந்தில் 2003இல் வந்த ஓர் ஆய்வில், கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைக் கரப்பான் மேல் பூசியதற்கும் கடலை அலர்ஜிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆகவே குழந்தையின் தோலில் உணவு எண்ணெய்களைத் தடவுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அப்படியானால் பிறந்ததிலிருந்தே மாய்ஸ்சரைசர் பூசிக்கொண்டே இருந்தால் கரப்பானே வராமல் தடுக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்துப் பார்த்துவிட்டார்கள், 2020இல் முடிவு வந்தது, தடுக்கவில்லை, தோல் தொற்று கொஞ்சம் கூடியதுதான் மிச்சம். ஆனால் கரப்பான் வந்த பிறகு கதை வேறு. மாய்ஸ்சரைசரும், மருத்துவர் எழுதும் ஸ்டீராய்டு களிம்பும் தாராளமாகப் பூசித் தோலைச் சீக்கிரம் மூட வேண்டும். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து பட்டாணி அளவு களிம்பை முதுகு முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தேன் நான். பெரியவர்கள் விரல் நுனிக் கணுவின் நீளத்துக்குப் பிதுக்கினால், அது பெரியவர்களின் விரல்களோடு சேர்த்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குத்தான் வரும். இந்த அளவை ஒரு செவிலி என் கையைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் என் இரண்டாவது பெண்ணின் கரப்பான் அடங்கியது.

உங்கள் அடுத்த குழந்தைக்கு ஆறு மாதத்தை ஒட்டி, தலை நின்று, உட்காரப் பழகியதும் மற்ற உணவோடு நன்றாக வெந்த முட்டையும், கடலையை மசித்த விழுதாகவும் கொடுக்கத் தொடங்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். ஐந்து வயது வரைக்கும் அதே எச்சரிக்கை. கொடுக்கத் தொடங்கியதை நிறுத்தாமல் வாரத்துக்குச் சில முறை தொடர வேண்டும், ஒரு தடவை நக்கக் கொடுத்துவிட்டு விட்டால் பயன் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குக் கடுமையான கரப்பான் வந்துவிட்டால், நீங்களாகக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள், சோதித்துவிட்டுச் சொல்வார். அந்த 640 பேரையும் முன்னதாகவே தோலில் சோதித்துத்தான் சேர்த்தார்கள். கர்ப்பத்தில் நீங்கள் எதையும் ஒதுக்க வேண்டாம். அம்மா ஒதுக்குவதால் குழந்தைக்கு அலர்ஜி குறைவதாகத் தெரியவில்லை.

தாய்ப்பாலுக்கும் ஒரு வார்த்தை. கொடுக்க முடிந்தவரை கொடுங்கள், முதல் வருடத்தில் நெஞ்சுத் தொற்றுகள் குறையும். ஆனால் பெலாரஸ் நாட்டில் பல்லாயிரம் தாய்மார்களோடு நடந்த பெரிய ஆய்வில், கூடுதல் காலம் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமாவோ அலர்ஜியோ குறைந்திருக்கவில்லை. நாலு மாதத்தோடு நின்றதால் உங்கள் மகளுக்கு இது வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 6: பால்கனி அப்பா

உங்கள் கணவருக்காக எழுதுகிறேன், முடிந்தால் இதை அவரிடம் காட்டுங்கள்.

தம்பி, நானும் பால்கனியில்தான் பிடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, முடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன், அதனால் குழந்தைக்கு எதுவும் போகாது என்று மனதார நம்பினேன். ஒரு நாள் மகனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் என் சட்டைக் காலருக்குள் புதைந்திருந்தது. அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் குனிந்தால் அவன் தலைமுடியில் என் சிகரெட் வாசனை. அவனுக்கு அப்போது ஏழு மாதம், அதற்குள் இரண்டு முறை நெபுலைசர் வைத்தாகிவிட்டது.

புகை துணியிலும் முடியிலும் சோபாவிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. கர்ப்பிணியைச் சுற்றிப் புகை இருந்தாலே வயிற்றில் இருக்கும் நுரையீரலுக்குக் கேடு. அம்மாவே புகைபிடித்தால் குழந்தையின் மூச்சுக்குழாய் பிறக்கும்போதே குறுகலாக இருக்கிறது, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2006இல் பொது இடங்களுக்குள் புகைபிடிப்பதைத் தடை செய்தார்கள். அதற்கு முன் குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது வருடத்துக்கு 5 சதவீதம் போல ஏறிக்கொண்டிருந்தது, தடைக்குப் பிறகு வருடத்துக்கு 18 சதவீதம் என்ற வேகத்தில் இறங்கியது. இத்தனைக்கும் தடை வீட்டுக்குள் இல்லை.

இங்கே மற்றவர்கள் சொன்னதில் பாதி, இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்ற ரகம். புகை அப்படி இல்லை. மரபணுவை மாற்ற முடியாது, பிரசவம் எப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது, சளி வராமல் தடுக்க முடியாது. இது ஒன்றுதான் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. எனக்கு மூன்று முறை முயன்று நான்காம் முறைதான் விட முடிந்தது, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் மருத்துவரின் உதவியும் இல்லாமல் அதுவும் முடிந்திருக்காது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது உங்களுக்கு. இன்றைக்கே தொடங்கினால் குழந்தையைக் கையில் வாங்கும்போது சட்டையில் அந்த வாசனை இருக்காது.

மழலைக்குரல் (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். பால்கனி அப்பா எழுதியதைக் கணவரிடம் நீட்டினேன், படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அப்புறம் எழுந்து போய்ப் பால்கனியில் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் குப்பையில் போட்டார். நாளை மருத்துவரிடம் அந்தப் பட்டை பற்றிக் கேட்கப் போகிறாராம். பார்ப்போம்.

பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். முட்டையைத் தள்ளியது மட்டும் இன்னும் உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு சந்தேகம். மூத்தவளுக்கு முட்டை ஆகாது, சின்னதுக்கு ஆறு மாதத்தில் முட்டை கொடுக்கச் சொல்கிறீர்கள். ஒரே வீட்டில் இது எப்படி? இன்னொன்று, மகளுக்குத் தினமும் காலை இரவு இன்ஹேலர் எழுதியிருக்கிறார்கள், இருமல் இல்லாத நாளில் நிறுத்திவிடுகிறோம், பழகிவிடுமோ என்ற பயம்தான். சரியா?

பதில் 7: மூன்று பிள்ளைகள்

முட்டை விஷயம் நானே செய்ததுதான், எங்கள் வீட்டில் அது கடலை. சின்னவனுக்குத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, உயர நாற்காலியில் உட்காரவைத்து, மூத்தவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கொடுத்துவிடுவேன். முடித்ததும் அவன் கை வாய் நாற்காலித் தட்டு எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும். வெறும் தண்ணீரும், கைக்குத் தேய்க்கும் ஜெல்லும் போதாது, அவற்றால் உணவுப் புரதம் போகாது. அதற்குப் பிறகு அக்கா வந்து எவ்வளவு முத்தம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். மூத்தவளின் முட்டை அலர்ஜியையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், நிறையக் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் அது போய்விடும். எப்போது மறுபடி சோதிப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

பதில் 8: இரவுப்பணி

இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். காலை இரவு என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணித்து வைக்கும் தடுப்பு மருந்து, அது நாள்தோறும் போனால்தான் வேலை செய்யும். இருமல் இல்லாத நாள் அந்த மருந்தால்தான் இல்லாமல் இருக்கிறது. பழகிவிடும் மருந்து அது இல்லை. குறைப்பதாக இருந்தால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். மூச்சுத் திணறும்போது மட்டும் அடிக்கும் இன்ஹேலர் வேறு, பெரும்பாலும் நிறமும் வேறாக இருக்கும், இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது எது எதற்கு, திணறல் வந்தால் எத்தனை முறை அடிப்பது, எப்போது கிளம்பி வருவது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடலாம்.

இன்ஹேலரைப் பொருத்தும் குழாயான ஸ்பேசரில் முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு எண்ணி, மருந்தை ஒரு முறை குலுக்கி, அடுத்தது. அழும்போது கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே போகாது, சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள், முகமூடி பட்ட இடத்தையும் துடைத்துவிடுங்கள். ஸ்பேசரை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.